இரண்டு பக்கமும் அம்மா

மாமியார் குளிக்கப் போன நேரத்தில்தான் கோமதியின் புருஷன் காணாமல் போனான். அதுவும் சோபாவை விட்டு எழுந்திருக்காமலே.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நம்பிராஜன் ஆஸ்பத்திரியிலிருந்து பாளையங்கோட்டை வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை. தலையில் கட்டு, மடியில் தட்டு, தட்டில் இட்லி.

"ஏட்டி கோமு, இது இட்லியா, உங்க காலேஜ்ல பெஞ்சு ஆடாம இருக்க அடியில வைக்கிறதா?" என்று கேட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்து சட்னி ஊற்றிக்கொண்டிருந்த இசக்கியம்மாள் சிரித்தாள். கோமதிக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகைதான். மூளையிலிருந்து எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டியை எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் புதிதாக வளர்த்த சதையை வைத்து, அதற்குள் பழைய ஆளைத் திரும்ப நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக அவன் இட்லியைக் குறை சொல்கிறான் என்றால், நிரப்பியவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்றுதானே அர்த்தம்?

இசக்கியம்மாள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நம்பிராஜன் தட்டைக் கீழே வைத்தான். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தான். முழங்கால்களைச் சேர்த்துவைத்துக்கொண்டான். பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்ணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த ஆள் உட்காருவானே, அப்படி.

"நீங்க சாப்பிடலையா?" என்றான்.

கோமதி சிரித்தாள். "என்ன அத்தான், திடீர்னு மரியாதை எல்லாம் பலமா இருக்கு?"

அவன் சிரிக்கவில்லை. "நீங்க அந்த நாற்காலில உக்காந்துக்கலாமே. தப்பா நினைக்காதீங்க. எனக்கு இங்க கொஞ்சம் காத்து பத்தல."

இது ஏதோ கிண்டலின் முன்பகுதி, பின்பகுதி வரும் என்று கோமதி காத்திருந்தாள். வரவில்லை. அவன் அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான், அவை எந்தப் பக்கம் நீளும் என்று தெரியாதவனைப் போல.

கதவு திறந்தது. ஈரத் தலையோடு இசக்கியம்மாள் கூடத்துக்குள் வந்தாள். நம்பிராஜன் கண்ணைச் சிமிட்டினான். தட்டைத் தூக்கினான். நடுசோபாவுக்கு வந்து காலை நீட்டினான்.

"ஏட்டி, சட்னி எங்க? பேயறைஞ்ச மாதிரி நிக்குத!"

கோமதி, பைபாஸ் ரோட்டில் இருக்கும் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் கணித உதவிப் பேராசிரியை. அவள் டாக்டர் பட்டம் வாங்கிய விஷயம் புரிந்தவர்களை உலகம் பூராவும் திரட்டினால் ஒரு வேன் நிறையும். அந்த வேன் கல்லூரிப் பக்கம் வந்ததில்லை. கல்லூரி அவளுக்குக் கொடுத்திருந்த வேலை இரண்டு: முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகைக்கெழு சொல்லிக்கொடுப்பது, தரச்சான்றுக் குழு வரும்போது வாசலில் நின்று சந்தனம் நீட்டுவது. இரண்டில் சந்தனத்துக்குத்தான் வரவேற்பு.

என்ன இருந்தாலும் ஆராய்ச்சி பண்ணினவள். சோதித்துப் பார்த்தாள். துணி காயப்போட மாமியாரை மாடிக்கு அனுப்பினாள். புருஷன் ஓரத்துக்குப் போனான். மாமியார் இறங்கி வந்தாள்; நடுவுக்கு வந்தான். மாமியாருக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரை உட்காரவைத்தாள், ஓரம்தான். போனில் மாமியார் குரலை ஓடவிட்டாள், ஓரமேதான். அசல் இசக்கியம்மாள், நேரில், அதே அறையில் இருக்க வேண்டும். இருந்தால் அவன் அவள் புருஷன். இல்லாவிட்டால், புருஷனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துப் பயப்படுகிற ஓர் ஆள்.

ஆபரேஷன் நடந்த மீள்மனம் நரம்பியல் மையத்தில் டாக்டர் செல்வின் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், அம்மா இருந்தா ஒரு ஆளு, அம்மா இல்லைன்னா வேற ஆளு. நம்ம ஊர்ல இதுக்கு வியாதின்னு பேரு இல்ல. கல்யாணம்னு பேரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள்; அது அவள் வேலையில் ஒரு பகுதி.

"அவரு என்னயப் பாத்துப் பயப்படுதாரு டாக்டர்."

"அதுவும் நார்மல்தான்."

"நீங்க எப்படிச் சரிபாத்தீங்க? நிரப்பின ஆளும் பழைய ஆளும் ஒண்ணுன்னு?"

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்த கேள்வி போலிருக்கிறது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி வார்டுல வச்சுப் பதிவு எடுத்தோம்ல? தூங்குறது, பேசுறது, சாப்பாட்டுக்குச் சண்டை போடுறது, எல்லாம். ஆனா மனசுங்கிறது தனியாப் பதிவாகாது மேடம். கூட இருக்குற ஆளும் கலந்துதான் வரும். ஆக, இந்தப் பக்கம் பழைய நம்பிராஜனும் அம்மாவும். நிரப்பினதுக்கு அப்புறம் அதே வார்டு, அதே அம்மா, திரும்பவும் பதிவு. அந்தப் பக்கம் புது நம்பிராஜனும் அம்மாவும். ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தோம். மயிரிழை வித்தியாசம் இல்ல."

"சரி."

"ரெண்டு பக்கமும் அம்மா இருக்காங்க. அம்மாவ அடிச்சுட்டோம். மிச்சம் என்ன? பழைய நம்பிராஜன், புது நம்பிராஜன். சமம். எட்டாங்கிளாஸ் கணக்கு."

உலகத்தில் ஒரு வேன் ஆட்களுக்கு மட்டும் புரியும் கோமதியின் ஆராய்ச்சித் தலைப்பு, அந்த மேஜைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"அடிக்கக் கூடாது டாக்டர்," என்றாள்.

"என்னது?"

"எண்ணா இருந்தா அடிக்கலாம். மனுஷன் எண் இல்ல, வடிவம். வடிவத்தையும் வடிவத்தையும் பெருக்கலாம். ஒரு வட்டத்தையும் ஒரு கோட்டையும் பெருக்கினா குழாய் வரும். வட்டத்துல ஒவ்வொரு புள்ளிக்கு மேலயும் ஒரு கோடு நிக்கும், அவ்வளவுதான். எங்க பாடத்துல இழுக்கலாம், நசுக்கலாம், கிழிக்க மட்டும் கூடாது. மெதுவடையும் காது வச்ச காப்பிக் கப்பும் எங்களுக்கு ஒண்ணு."

"காப்பிய எதுல குடிப்பீங்க?"

"அவ்வளவு தாராளமா விட்டுக்குடுக்குற பாடம் டாக்டர். அதுலகூட இது நடக்கும். பத்துப் பரிமாணத்துல ரெண்டு வடிவம் இருக்கு. எவ்வளவு நசுக்கினாலும் இழுத்தாலும் ஒண்ண இன்னொண்ணா மாத்த முடியாது. ஆனா ரெண்டையும் ஒரே கோளத்தோட பெருக்குங்க. வர்ற ரெண்டும் ஒண்ணாயிடும். அப்புறம், 'ரெண்டு பக்கமும் கோளம் இருக்கே'ன்னு அடிச்சீங்கன்னா, மிச்சம் நிக்கிறது யாருன்னு சொல்லவே முடியாது."

டாக்டர் சிரிப்பை எடுத்து உள்ளே வைத்தார். "ரெண்டும் வேறன்னா, வித்தியாசம் எங்க போகும்?"

"துணி ஒண்ணுதான். தையல் வேற. ஒண்ணுல தையல் முறுக்கிக்கிட்டு இருக்கு. தோதான ஆளு பக்கத்துல நின்னா, அந்த முறுக்கு அவங்க மேல சாஞ்சு நேராயிடும். அவங்க எந்திரிச்சுப் போனா திரும்ப முறுக்கிக்கும்." கோமதியின் குரல் அவளுக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது. "ஒரு தடவகூட ஏன் அவரத் தனியாப் பதிவு எடுக்கல?"

டாக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். கேட்கக் கூடாத ஒன்றை ஒரு குடும்பப் பெண் கேட்டுவிட்ட மாதிரி.

"தனியாவா? பேஷண்டையா? அட்டெண்டர் இல்லாம பேஷண்டப் படுக்க வச்சா வார்டு சிஸ்டர் என்னையக் கடிச்சுத் துப்பிருவாங்க மேடம்."

உண்மைதான். இந்த ஊரில் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முதல் கேள்வி என்ன வியாதி என்பது அல்ல, கூட யார் என்பதுதான். ஒரு நோயாளிக்கு ஒரு அட்டெண்டர், ஒரு அட்டெண்டருக்கு ஒரு ரோஸ் கலர் பாஸ். நம்பிராஜனைச் சேர்த்தது, கோமதி விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்த நேரம். இசக்கியம்மாள் அந்தப் பாஸைக் கழுத்தில் மாட்டினவள், தூங்கும்போதும் கழற்றவில்லை. கோமதி வாசலில் நின்று சாப்பாட்டுக் கூடையை நீட்டுவாள், வாட்ச்மேன் வாங்கிக்கொள்வார், உள்ளே விடமாட்டார். பதிவு எடுக்கும் மெஷின் பத்துப் பேரைக்கூடத் தாங்கும். வாட்ச்மேன் இரண்டாவது ஆளைத் தாங்கமாட்டார்.

"சரி, இப்படிப் பாப்போம்," என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு முன்னாடி, அம்மா இல்லாம, உங்ககூட மட்டும் இருக்கும்போது அவர் எப்படி இருப்பார்? அதச் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாத்துருவோம்."

கோமதி வாயைத் திறந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமியார் வீடு. கொடைக்கானலுக்குத் தேனிலவு போனபோது, பையனுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, ஸ்வெட்டர் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்று இசக்கியம்மாளும் வந்திருந்தாள். சினிமாவுக்குப் போனால் மூன்று டிக்கெட். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரின் இருமல். அவன் அவளைச் சிரிக்கவைத்த ஒவ்வொரு ஞாபகத்தையும் எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும், எங்கோ ஒரு மூலையில், அந்த இருமல் கேட்டது.

"நல்லாத்தான் இருப்பாரு," என்றாள். "சிரிச்சுக்கிட்டே."

டாக்டர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"திரும்ப நிரப்ப முடியாதா டாக்டர்?"

"எத வச்சு? எங்க கையில இருக்குறது அம்மாவோட சேந்த படம் மட்டும்தான். அதுக்கு ஒருத்தருக்கு மேல பொருந்துவாங்கன்னு இப்ப நீங்கதான பாடம் எடுத்தீங்க?" அவர் எழுந்தார். "ஒரே வழிதான் மேடம். அம்மாவப் பத்திரமாப் பாத்துக்குங்க."

இசக்கியம்மாள் மகன் ரூமிலேயே பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்திருந்தாள். தெருவில் இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்தது. இரண்டுமே சொல்லத் தக்கவை அல்ல.

ஒரு மத்தியானம் தாசில்தார் வீட்டில் வளைகாப்பு. மாமியாரைப் பிடித்து அனுப்பிவிட்டு, கோமதி நாற்காலியை நம்பிராஜனிடமிருந்து நன்றாகத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள், அவன் பார்வையில் படும்படியாக.

"பயப்படாதீங்க," என்றாள். "நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியுமே. கோமதி. என் மனைவி." அவன் ஒப்பிப்பது போலச் சொன்னான். "மஞ்சள் பட்டுச் சேலை, அரக்கு பார்டர். தாலி கட்டும்போது உங்க பின்னல்ல என் கை மாட்டிக்கிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

ஒன்றும் தப்பில்லை. பார்டர்கூடத் தப்பில்லை.

"பொறவு என்ன பயம்?"

"அத நெனச்சா மூச்சு முட்டுது." அவன் தொண்டையைத் தொட்டான். "காதுல தண்ணி ஏறுது. காலுக்கு அடியில தரை இல்ல. மேல வெளிச்சம் தெரியுது, எட்ட முடியல. உங்களப் பாக்கும்போதெல்லாம் அதான் வருது. மன்னிச்சிடுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

கோமதிக்குத் தெரிந்த ஒரு கதை உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே இசக்கியம்மாள் சொன்னது: பையன் சின்ன வயதில் வயக்காட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டான், அவன் அப்பா குதித்துத் தூக்கினார், அதிலிருந்து பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் பயம், தாமிரபரணிப் பக்கம்கூடப் போகமாட்டான். அப்போது நம்பிராஜன் பஜ்ஜியை மென்றுகொண்டே தலையாட்டினான்.

"கிணத்துல விழுந்தது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அவன் முகம் மலர்ந்தது. கல்யாண ஆல்பத்துக்கு வெளியே அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அதையா கேக்குறீங்க? ஜில்லுன்னு இருந்துச்சு. சுத்திப் பச்சையா... அவ்வளவு சந்தோஷம். எங்கயோ மேளம் கேக்குற மாதிரி. எல்லாரும் எனக்காகவே வந்து நிக்கிற மாதிரி."

துணி அதே துணிதான். கல்யாணத்தின் சந்தோஷத்தைக் கொண்டுபோய்க் கிணற்றில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கிணற்றின் பயத்தைக் கொண்டுவந்து கல்யாணத்தில்.

"அத்தை வந்தா என்ன ஆகும் உங்களுக்கு?"

"அவங்க வந்தா எல்லாம் எடத்துக்கு வந்துரும். நான் பேசுறது எனக்கே கேக்கும்." அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். "நல்லாப் பேசுவான்ல அவன்? எனக்கே அவனப் பிடிக்கும்."

அன்றைக்குச் சாயங்காலம் வளைகாப்பு வளையல் குலுங்க அடுக்களைக்கு வந்த இசக்கியம்மாள், குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அவன்கிட்ட என்ன கேட்ட?"

"எவன்கிட்ட அத்தை?"

"நடிக்காத. நான் இல்லாதப்ப இருக்கானே, அவன்கிட்ட."

கோமதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆஸ்பத்திரியிலயே கண்டுட்டேன் நான்," என்றாள் இசக்கியம்மாள். "கக்கூசுக்குப் போயிட்டு வந்து பாத்தா கட்டில்ல வேற பிள்ள உக்காந்திருந்தான். பொறவு தண்ணி குடிக்கிறதையே கொறச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? காலேஜுக்கு லீவு போட்டுட்டு அழுவ. நான் இருக்குற வரைக்கும் அவன் இருக்கான். நான் இருந்துட்டுப் போறேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரசத்துல உப்புப் போட்டியா?"

"போட்டுட்டேன்."

இசக்கியம்மாள் உப்பு ஜாடியைத் திறந்து இன்னொரு கை போட்டாள்.

அன்றைக்கு அதைக் கோமதி வழக்கமான மாமியார்த்தனம் என்று எடுத்துக்கொண்டாள். மறுவாரமும் உப்பு இரண்டு தடவை. செத்துப்போன தன் நாத்தனார் பெயரைச் சொல்லிக் கோமதியைக் கூப்பிட்டாள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று நின்றாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில், நம்பிராஜன் அப்பளத்தை உடைத்து ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் தட்டில் மோர் ஊற்ற வந்த இசக்கியம்மாள் கையைப் பாதியில் நிறுத்தினாள். அவனை உற்றுப் பார்த்தாள்.

"இந்தத் தம்பி யாரு?" என்று கோமதியிடம் கேட்டாள்.

கதை பாதியில் நின்றது. அம்மா பக்கத்திலேயே இருந்தும் நம்பிராஜன் பாயின் ஓரத்துக்கு நகர்ந்தான். முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டான். இரண்டு பேரும் கோமதியைப் பார்த்தார்கள், தப்பான கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்ட விருந்தாளிகளைப் போல, எழுந்து போகலாமா கூடாதா என்று கேட்கிற பார்வை.

"நீங்க சாப்பிடுங்க," என்றாள் கோமதி. வேறு என்ன சொல்ல?

கொஞ்ச நேரத்தில் இசக்கியம்மாளுக்கு மகன் ஞாபகம் வந்துவிட்டது. மகனுக்கும் மகன் ஞாபகம் வந்துவிட்டது. மோரும் கதையும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. கோமதி மட்டும் அப்பளத்தை மெல்லாமல் வாயில் வைத்திருந்தாள்.

மறதி நோய்தான் என்றார் டாக்டர் செல்வின். இன்னும் முக்கால்வாசி ஆள் மிச்சமிருக்கும்போதே பதிவு எடுத்துவிட்டால், அழுகின பகுதியை எடுத்துப் புதிது வைத்து நிரப்பிவிடலாம், இதில் கைதேர்ந்துவிட்டார்கள். படிவத்தை நர்ஸ் நீட்டினாள். பேர், வயது, அதற்குக் கீழே:

"அட்டெண்டர் யாரு?"

ஒரே ஒரு ரோஸ் பாஸ். இரண்டாவது பாஸ் கேட்டுக் கோமதி வாட்ச்மேனைப் போய்ப் பார்த்தாள். டாக்டரே வந்து சொன்னார். வாட்ச்மேன், மேனேஜ்மெண்ட் ஆர்டர் சார், ஒரு ஆளுன்னா ஒரு ஆளு என்று சொல்லிவிட்டார். மேனேஜ்மெண்டுக்கு எழுதிப்போட்டால் அடுத்த போர்டு மீட்டிங்கில் பார்ப்பார்களாம். போர்டு மீட்டிங் வரைக்கும் இசக்கியம்மாளுக்கு ஞாபகம் தாங்காது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்தார்கள். நம்பிராஜன் எட்டத்தில் காப்பி மெஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு," என்றாள் இசக்கியம்மாள். "நீ கூட இருந்தா நான் யாரா வருவேன்?"

"என்கூட இருக்கும்போது நீங்களா இருப்பீங்க அத்தை. அவருகூட இருக்கும்போது எப்படின்னு சொல்ல முடியாது."

"அவன் கூட இருந்தா?"

"அவருகூட நீங்க நீங்களா இருப்பீங்க. அவரும் அவரா இருப்பாரு. எப்பவும் போல." கோமதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு இல்லாதப்போ, என்கூட மட்டும் இருக்கும்போது..."

"வேற எவளோ."

"ஆமா."

இசக்கியம்மாள் யோசித்தாள். பிறகு, அந்த வீட்டில் அபூர்வமாக, மருமகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லதுதான். உனக்கும் எனக்கும் என்னைக்கு ஒத்துப்போச்சு? வாரவளாவது உனக்குத் தோதா இருக்கட்டும்."

கோமதிக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. டாக்டருக்குத் தெரியாமல் நடந்த தப்பை, தெரிந்தே, கணக்குப் போட்டுச் செய்யப் போகிறோம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது. ஒரு ஆளைத் தக்கவைத்துக்கொள்ள இன்னொரு ஆள்.

"ஏளா," என்றாள் இசக்கியம்மாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அவனப் பத்தி."

"சொல்லுங்க."

நெற்றியைத் தடவினாள். வராந்தாவின் கடைசி வரைக்கும் பார்த்தாள். "மறந்துட்டு," என்றாள்.

மறந்ததா, மறைத்ததா என்று கோமதி கேட்கவில்லை. எழுந்து போய் ரோஸ் பாஸைப் புருஷன் கழுத்தில் மாட்டினாள். மாட்டும்போது மாமியார் பக்கத்தில் இருந்ததால் அவன் பயப்படவில்லை. "என்ன ஏட்டி, ரெண்டாம் தாலியா?" என்றான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் செல்வின் போனில் சொன்னார்: "கச்சிதம் மேடம். ரெண்டு படமும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு பக்கமும் மகன் இருக்காரு, மகன அடி..." பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. கொஞ்சம் இருமினார். "சாப்பாடு எல்லாம் நல்லா சாப்பிடுறாங்களா?"

நல்லா சாப்பிட்டார்கள். கூடத்தில் அம்மாவும் மகனும் பழையபடி உப்புக்குச் சண்டை போட்டார்கள், பழையபடி டிவிக்குச் சண்டை போட்டார்கள். அடுக்களையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த வருஷம் என்று சொல்ல முடியாது. தெருவும் ஒரே கருத்துக்கு வந்தது: கோமதி கொடுத்துவைத்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நம்பிராஜன் பால் வாங்கப் போனான். கேட் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது.

இசக்கியம்மாள் பேச்சை நிறுத்தினாள். சோபாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவள் மாதிரி சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். பயமில்லை, பாசமில்லை, கோபமும் இல்லை.

"உங்களுக்கு என்னயத் தெரியுதா?" என்று கேட்டாள் கோமதி. இந்தக் கேள்வியில் அவளுக்கு இப்போது நல்ல பழக்கம்.

"தெரியும். நம்பிராஜன் பொஞ்சாதி."

"அவரு?"

"நல்ல பையன்." நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். பிறகு அவளாகவே சொன்னாள்: "பாவம். உங்களக் கண்டா அவனுக்குப் பயம்."

"தெரியும். ஆபரேஷனுக்குப் பொறவு அப்படி ஆயிட்டு."

"பொறவு இல்ல. கல்யாணத்தன்னைக்கே."

கோமதி கையிலிருந்த டம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"மண்டபத்துல இருந்து கார்ல ஏறும்போது என் கையப் பிடிச்சுக்கிட்டான்," என்றாள் அந்த அம்மாள். "'அம்மா நீயும் வா, தண்ணிக்குள்ள இருக்க மாதிரி இருக்கு'ன்னான். நான் பக்கத்துல இருந்தா சிரிப்பான். வெளிய போனா மூலையில ஒடுங்கிருவான். அதுக்குத்தான் கொடைக்கானல் வந்தேன். ராத்திரி முழிச்சுக் கெடந்து இருமினேன், பக்கத்துலதான் இருக்கேன்னு அவனுக்குத் தெரியணும்ல? நீங்க வேவு பாக்க வந்தேன்னு நெனச்சீங்க."

"கிணறு?" என்று கேட்டாள் கோமதி. "தண்ணின்னா பயம்னு நீங்கதான சொன்னீங்க?"

"விழுந்தவன அவன் அப்பா தூக்கிப் போட்டாரு. போட்டதும் திரும்பக் குதிக்க ஓடுனான். அவ்வளவு பிரியம். எனக்குக் குலையே நடுங்கிட்டு. தண்ணின்னா இவனுக்குப் பயம்னு ஊர் பூரா சொல்லி வச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்ல அவனும் தலையாட்டப் பழகிட்டான்."

ஆக, டாக்டர் செல்வின் அடித்தது சரி. எட்டாங்கிளாஸ் கணக்கு சரி. போன ஆள்தான் திரும்பி வந்திருக்கிறான், தையல் பிரியாமல், ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு. அவள் சிரித்துச் சிரித்துக் குடும்பம் நடத்தியது அவனோடு இல்லை. அவனும் அம்மாவும் சேர்ந்த ஒன்றோடு. அதைக் காப்பாற்றத்தான் இந்த அம்மாவை...

இல்லாவிட்டால் இதுவே தப்பான தையலாக இருக்கலாம். எங்கேயோ இருந்த பயத்தைக் கொண்டுவந்து கல்யாணத்தில் வைத்து, எங்கேயோ இருந்த பிரியத்தைக் கிணற்றில் வைத்து, புதிதாக நிரப்பிய இந்த அம்மாளின் மண்டைக்குள் முறுக்கித் தைத்திருக்கலாம். பிரித்துப் பார்த்துச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், நெற்றியைத் தடவிக்கொண்டு. அவளை மாற்றித் தைக்க அனுப்பியது கோமதிதான், எல்லாம் படித்த கோமதி.

"இது நெசந்தானா?" என்று கேட்டாள்.

அந்த அம்மாள் நியாயமாக யோசித்தாள். "எனக்கு அப்படித்தான் ஞாபகம். உங்ககிட்டச் சொல்லணும்னு முன்னாடி நெனச்சதும் ஞாபகம் இருக்கு. ஏன் சொல்லாம இருந்தேன்னுதான் தெரியல. இப்ப சொல்லுறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

கேட் கொண்டி சத்தம் போட்டது. பால் பாக்கெட்டோடு நம்பிராஜன் வாசற்படியில் நின்றான், குனிந்த தலையோடு, அந்நிய வீட்டுக்குள் வருவது போல. படியைத் தாண்டினான். அம்மாவைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்த்தாள்.

"ஏட்டி கோமு! பால் வாங்கப் போனா தெருவே நலம் விசாரிக்கிது. பேசாம என் தலையில ஒரு போர்டு மாட்டிரு, 'பேஷண்ட் நலம்'னு!"

"வெயில்ல நின்னு வம்பளந்தியா எய்யா? உள்ள வா," என்றாள் இசக்கியம்மாள். திரும்பினாள். "ஏளா, மரம் மாதிரி நிக்க. பாலக் காச்சு."

கோமதி பாலைக் காய்ச்சினாள். மூன்று பேரும் காப்பி குடித்தார்கள். நம்பிராஜன் காப்பியைப் பற்றி ஏதோ சொன்னான், அம்மா சிரித்தாள், கோமதியும் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது. எப்போதும் போல.

இசக்கியம்மாள் டம்ளரை வைத்துவிட்டு, கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

"நான் குளிச்சிட்டு வாரேன்."

கோமதிக்கே தெரியாமல் அவள் கை நீண்டு, மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டது.

"குளிக்கப் பொறவு போலாம் அத்தை," என்றாள். "கொஞ்சம் இருங்க."